லைனைத் தின்றது யார்?

போன வெள்ளிக்கிழமை என் மருமகனை ஏசிவிட்டேன். மருமகனை ஏசுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. ஆனாலும் ஒரு மனுசிக்கு எவ்வளவுதான் பொறுமை இருக்கும், நீங்களே சொல்லுங்கள்?

உட்துறைமுக வீதியில் எனக்கு ஒரு கொமினிகேசன், அதாவது கோல் கதைக்கிற கடை, இருப்பது வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். கைத்தொலைபேசி நினைத்த நேரம் செத்துப்போகிற ஊர் இது. அதனால் வெளிநாட்டோடு கதைக்க எல்லோரும் என்னிடம்தான் வருகிறார்கள் — இன்ரநெற் வழியாகக் கதைக்க. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இந்த வீதியில் முதன்முதலில் சேவர் என்கிற பெரிய கொம்பியூட்டர் வைத்தவள் நான்தான். அதை ஒருவரும் மறந்துவிட வேண்டாம்.

சேவரைக் கொண்டுவந்து பூட்டித் தந்தவர் மருமகன் ரவி. கொழும்பில் கொம்பியூட்டர் வேலை பார்த்தவர். கரண்டு போனால் ஜெனரேற்றருக்கு எண்ணெய் தேடி அலைகிற காலத்தில் நாலு மெசினை ஓட்ட முடியுமா? அதனால் ஒரே பெட்டி. அந்தப் பெட்டிக்குள் நாலு மெசின் இருப்பதுபோல ஓர் ஏற்பாடு. வேர்ச்சுவல் மெசின் என்று பெயராம். ஒன்று கோல் கதைக்க, ஒன்று மற்றவர்கள் இன்ரநெற் பார்க்க, ஒன்று வீடியோ அனுப்ப, ஒன்று கடைக்கணக்குக்கு. நாலும் வெளியே போவது ஒரே வயரில்.

பெட்டிக்குள் நாலு குடித்தனம்... சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சங்கதி யோகாவால் வெளியே வந்தது. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். சம்பூர்க்காரி. சண்டையில் ஊரை விட்டு ஓடிவந்து, பிள்ளைகளோடு தன் சித்தி வீட்டில் ஒதுங்கியிருக்கிறாள். புருசன் கட்டாரில். அவனுக்கு லீவு கிடைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏற இருந்தான். இப்போது வராதே என்று அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. வழியில் ஒரு சோதனைச்சாவடியில் அவனை இறக்கிப் பிடித்துக்கொண்டு போனால், அவன் எங்கே என்று கேட்க இவளுக்கு யார் இருக்கிறார்கள்?

சொல்ல முடிந்தால்தானே. அவன் குரல் இவளுக்கு மணிபோலக் கேட்கும். இவள் குரல் மட்டும் அங்கே வெட்டி வெட்டிப் போகும். குரல் வெட்டினால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான் — யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள்.

"இடையில ஆரோ நிக்கினம் போல கிடக்கு. வை, வை" என்பான். வைத்துவிடுவான். வெள்ளிக்கு வெள்ளி இதே கதை.

ஒட்டுக் கேட்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் ஒட்டுக் கேட்கிறான் என்று சொன்னால் எப்படி?

ரவியைக் கேட்டால், லைனில் எவ்வளவு போகிறது, வருகிறது என்று திரையில் ஏறி இறங்குகிற ஒரு கோட்டைக் காட்டுவார். போன வெள்ளியும் அதையே காட்டினார்.

"ட்ராபிக்கை நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் மாமி. வாற பக்கம் நோர்மல். போற பக்கம்தான் நிரம்பிக் கிடக்கு. லைன் தந்த கொம்பனியோட கதைக்க வேணும்."

"கதைச்சனீங்களோ?"

"திங்கள் கதைப்பம்."

"நிரப்புறது ஆர்?"

"எங்கட சேவர்தான்."

"அதுக்குள்ள நாலு பேர் இருக்கினம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அதில ஆர்?"

"வெளி வயரில பாத்தால் எல்லாம் ஒண்டாத்தான் தெரியும். உள்ளுக்க ஒவ்வொரு மெசினுக்கும் தனித்தனிய மீற்றர் மாதிரி ஒண்டு பூட்டினால் பிடிக்கலாம்."

"பூட்ட ஏலாதோ?"

"ஏலும்."

ஏலுமாம். இத்தனை கிழமையாக ஏலுமாம். நாலு பேர் சாப்பிடுகிற வீட்டில் சோறு போதவில்லை என்றால், யார் கோப்பையில் எவ்வளவு என்று பார்க்காமல், பானையையே திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கிற மனுசனை என்ன செய்வது?

"அந்தப் பிள்ளைக்கு நாலு மணிக்குக் கோல் வரும். அதுக்கு முதல் பூட்டிப்போட்டு கதிரையை விட்டு எழும்புங்கோ. தேத்தண்ணி அங்கயே வரும்" என்றேன்.

பூட்டினார். ஒரு கோடு நாலு கோடானது. மூன்று தரையோடு கிடந்தன. வீடியோ மெசினின் கோடு மட்டும் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது.

அந்த மெசினில் இருப்பவன் சூசை. செத்தவீட்டு வீடியோ எடுப்பவன். செத்தவர்களின் பிள்ளைகள் கனடாவில், தாய் செத்தாலும் இந்த நிலைமையில் வர முடியாது. சூசை அனுப்புவதுதான் அவர்கள் பார்க்கிற கடைசி முகம். சனி, ஞாயிறு அவர்களுக்கு லீவு என்பதால், எல்லாவற்றையும் வெள்ளியில் அனுப்புவான். கட்டாரில் லீவு வெள்ளி. யோகாவின் கோலும் வெள்ளி.

"சூசை, நிப்பாட்டு."

"பாதிக்கு மேல போட்டுது அக்கா. நிப்பாட்டினால் முதலில இருந்து அனுப்ப வேணும். மகள் அங்க அழுதுகொண்டு நிக்கிறா."

வீடியோ போகிற வேகத்தை மட்டும் குறைத்துவிட முடியாதா என்று ரவியைப் பார்த்தேன். முடியுமாம். ஆனால் சேவரை நிறுத்தி எழுப்ப வேண்டுமாம். அது எழும்பும் நேரம் அதற்குத்தான் தெரியும். அதற்குள் கோல் கதைக்கிற கபினுக்குள் மணி அடித்தது. கட்டார்க் கோல்.

"நிப்பாட்டடா. உன்ர வீடியோவில கிடக்கிற ஆச்சி இனி எங்கயும் போகமாட்டா. அந்த மனுசன் ஞாயிறு பிளேன் ஏறப்போறான்."

முறைத்துக்கொண்டே நிறுத்தினான். கூரையில் நின்ற கோடு தொப்பென்று விழுந்தது. சூசை என்னோடு இன்னும் கதைக்கவில்லை. ஆனால் பிறகு முதலில் இருந்து அனுப்பி, வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது.

பலகைக் கபின். உள்ளே கதைப்பதும் ஸ்பீக்கரில் வருவதும் வெளியே கேட்கும்.

"கேக்குதோ? ஓம்... இப்ப வராதேங்கோ. நாங்கள் சித்தி வீட்டில நிக்கிறம். பிள்ளையள் சுகம். நான் சொல்லுமட்டும் வராதேங்கோ."

"இண்டைக்குத்தான் கிளியராக் கேக்குது. சரி, ரிக்கற்றைக் கான்சல் பண்ணுறன்" என்றான் அவன்.

ரவி தேத்தண்ணியை எடுத்து ஆறுதலாக ஒரு வாய் குடித்தார். யோகா சிரித்துக்கொண்டு வருவாள் என்று பார்த்தேன். வெளுத்த முகத்தோடு வந்து நின்றாள்.

"என்ன பிள்ளை, கேட்டுதுதானே?"

"ஓம் அன்ரி. இவ்வளவு கிளியராக் கேட்டதுதான் பயமாக் கிடக்கு. எங்க நிக்கிறம் எண்டதையும் சொல்லிப்போட்டன். ஒட்டுக் கேக்கிறவைக்கும் அப்பிடித்தானே கேட்டிருக்கும்?"

நான் ரவியைப் பார்த்தேன். ஒட்டுக் கேட்கிறவனைப் பிடிக்கவும் ஒரு மீற்றர் பூட்ட ஏலுமோ என்று கேட்கவில்லை... கேட்டிருந்தால் திங்கள் பார்ப்பம் என்றிருப்பார்.