மாசக் கடைசி வண்டி

என் மொபெட்டைப் பத்தி எனக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. ஃபாக்டரியில டைப்பிஸ்ட் வேலை பார்த்து, லோன் போட்டு, நானே வாங்கின வண்டி. வீட்டுக்காரர் போலீஸ் கான்ஸ்டபிள். அவங்க ஸ்டேஷன் ஜீப் தள்ளினாதான் கிளம்பும்; மழைக்காலம்னா தள்ளினாலும் கிளம்பாது. அதனால ரோந்துக்கு என் வண்டியைத்தான் எடுத்துட்டுப் போவார். "கவர்ன்மென்ட்டே என் வண்டியிலதான் ஓடுது, தெரியுமா?"ன்னு குவார்ட்டர்ஸ் பூரா பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். அந்த வாயைத் தைச்சிருக்கணும்.

தொண்ணூறுகள்ல ஒரு கார்த்திகை, நவம்பர் மாசக் கடைசி. புயல் கரையைக் கடக்குது, கடக்குதுன்னு ரேடியோ சொல்லிக்கிட்டே இருக்கு, மழை விட்டபாடில்லை. ஆவடியே மிதக்குது. காலையில அவருக்கு உத்தரவு வந்தது. ஊருக்கு வெளியே ஒரு ஏரி ரொம்பி கரை கசியுது, கீழே குடிசையில இருக்கிற சனத்தை உடனே ஸ்கூலுக்கு ஏத்தணும். ஜீப் வழக்கம்போல படுத்துடுச்சு. என் மொபெட்டும் அன்னைக்குப் பார்த்து மக்கர். அவர் பெடலை மிதி மிதின்னு மிதிக்கிறார், ஊஹூம். நான் பிளக்கைக் கழட்டி, முந்தானையில துடைச்சு மாட்டினேன். ஒரே மிதிதான், கிளம்பிடுச்சு.

"நடுவழியில நின்னா என்ன பண்ணுவீங்க? நகருங்க, நானே ஓட்டுறேன்"னேன். பின்னாடி உக்காந்துக்கிட்டார்.

கரை மேல போய் நின்னோம். சனம் ஓடிவரும், கையைப் பிடிச்சுக்கும்னு நான் பாட்டுக்குக் கற்பனை பண்ணிக்கிட்டிருக்கேன். எங்கே! வண்டிச் சத்தம் கேட்டதும் ஆம்பளைங்க அத்தனை பேரும் குடிசைக்குப் பின்பக்கமா விழுந்தடிச்சு ஓடுறாங்க. மேட்டுக்கு இல்லை, பள்ளத்துக்கு. பொம்பளைங்க படலை இழுத்துச் சாத்துறாங்க.

"ஏங்க, ஏன் இப்படி ஓடுறாங்க?"

அவர் மழைக்கோட்டுத் தொப்பியை முன்னால இழுத்து விட்டுக்கிட்டார்.

முதல் குடிசை வாசல்ல ஒரு பொண்ணு, நிறைமாசம். "ஏம்மா, கரை உடையப்போகுது. உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு, கிளம்புங்க"ன்னேன்.

"போ யக்கா, நீ வேற! மாசக் கடைசி வந்தா கேஸ் கணக்கு காட்டணும், ஆள் புடிக்க இந்த வண்டிதானே வருது? சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன். சும்மா டீக்கடையில நின்ன எங்க ஊட்டுக்காரரை கலாட்டா பண்ணான்னு இதே வண்டியிலதான் ஏத்திகினு போனாங்கோ. ஒரு தபாவா, ரெண்டு தபாவா? இன்னிக்கு மழையைச் சாக்கு வெச்சி ஊட்டுக்காரம்மாவையும் இட்டுகினு வந்துகீறாரா?"

அந்த மழையிலயும் எனக்கு மூஞ்சி தீயா எரிஞ்சது. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்துக்கிட்டிருந்தார். அசிங்கமா இருந்தது. யாரைத் திட்டறது? வண்டி என்னுது. பெட்ரோலும் நான் போட்டது.

பொத்துனு ஒரு சத்தம். கரையில ஒரு பக்கம் மண் சரிஞ்சு, செம்மண் தண்ணி பள்ளத்தைப் பார்த்து இறங்க ஆரம்பிச்சுது.

"என் தாலி மேல சத்தியம்மா! கேஸும் இல்லை, மண்ணும் இல்லை. உன் வீட்டுக்காரர் எங்கே ஒளிஞ்சிருக்கார், சொல்லித் தொலை!"

தண்ணியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அப்புறம் தலையில அடிச்சுக்கிட்டு ஒரே அலறல். "ஐயோ, பள்ளத்துல மோட்டார் ரூம்ல கீறாரே! உள்ளே தாப்பா போட்டுகினு கீறாரே!"

அவ போட்ட கூச்சல்ல மத்த ஆம்பளைங்க எல்லாம் கரையேறிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் மழைக்கோட்டை வீசிட்டு இறங்கினார். இடுப்பளவு தண்ணி, பார்த்துக்கிட்டு இருக்கும்போதே மார் மட்டும் வந்துடுச்சு. கதவை உதைக்கிறார், "டேய், தொறடா, தொறடா"ங்கிறார். போலீஸ் குரல் கேட்டா அந்த ஆள் தொறப்பாரா? கடைசியில தகரக் கதவே பேர்ந்து வந்தது. சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து கரையில போட்டார்.

ஒரு உசிரும் போகலை. எல்லாரும் ஸ்கூலுக்கு வந்து சேர்ந்தாச்சு. அந்த ஆள் வெடவெடன்னு நடுங்கிக்கிட்டிருந்தார், டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கலை. எழுந்து நேரா இவர்கிட்ட வந்து கைகட்டி நின்னார்.

"கெளம்பலாமா சார்?"

"எங்கே?"

"ஸ்டேஷனுக்குத்தான். இந்த வாட்டி இன்னா கேஸுன்னு முன்னாடியே சொல்லிடு சார். போன தபா கோர்ட்ல மாத்திச் சொல்லிட்டேன், நீ கோச்சுகினே."

"கேஸ் எதுவும் இல்லைப்பா. போய் உக்காரு."ன்னார் இவர்.

"சரி சார்"னார் அந்த ஆள். அவர் பொண்டாட்டி ஒரு லுங்கியையும் சட்டையையும் மடிச்சுக் கையில கொடுத்தா. அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, கொட்டுற மழையில இறங்கிப் போய், என் மொபெட்டோட பின் சீட்டுல அவராவே ஏறி உக்காந்துக்கிட்டார்.