டிரைவரம்மாவின் டப்பா

மருத்துவமனையின் பின்வாசலில், காவலாளி கேட்பதற்கு முன்பே டிரைவரம்மா பையைத் திறந்து காட்டிவிடுகிறார். உள்ளே வெள்ளை மூடி போட்ட டப்பா, சுற்றிலும் பனிக்கட்டிப் பொட்டலங்கள். காவலாளி வேலைக்குப் புதியவர். "சாப்பாடாம்மா?" என்கிறார். "சாப்பாடுதான்யா. நேத்து சாப்பிட்டது" என்று சொல்லிவிட்டு, அவர் முகம் போன போக்கைத் திரும்பிப் பார்க்காமல் ஆய்வகத்தை நோக்கி நடக்கிறார்.

நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஜன்னல் பக்கத்துக் கை வெயிலில் கறுத்து, மற்றக் கை வேறு யாருடையதோ போல வெளுத்திருக்கும். பள்ளம் வந்தால் "மெதுவா, கண்ணு, மெதுவா" என்று வண்டியிடம் பேசுவார். பணிமனைக் கேன்டீன் சாப்பாடு கெட்டுப்போய் ஓட்டுநர்கள் அத்தனை பேரும் கழிப்பறை வாசலில் வரிசை கட்டிய நாளில், இவர் மட்டும் நேரத்துக்கு வண்டியை எடுத்தார். "என் வயிறு இரும்புப் பெட்டிங்க" என்பார், தன் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்வது போல.

அந்த வயிற்றுக்கு வேலை வந்தது அக்காவால்.

அக்காவுக்கு நிமோனியா. கடுமையான ஆன்டிபயாடிக் மருந்துகள் நுரையீரலைக் காப்பாற்றின. ஆனால் குடலில் காலங்காலமாகக் குடியிருந்த நல்ல கிருமிகளையும் துடைத்தெடுத்துவிட்டன. காலியான இடத்தில் ஒரு பொல்லாத கிருமி புகுந்துகொண்டது. வயிற்றுப்போக்கு நின்றது, திரும்ப வந்தது. மருந்து கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் தலைதூக்கும். குடல் முழுக்கப் புண்ணாகி வீங்கிப்போனது. அக்காவின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தில் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் இருக்கின்றன. அதைச் சுத்திகரித்துக் குழாய் வழியாக உள்ளே செலுத்தினால், அவை தங்கள் இடத்தைத் திரும்பப் பிடிக்கும். கெட்டதை நெருக்கித் தள்ளும். எதைப் பார்த்தாலும் எரிந்து விழுகிற உடம்பின் காவல் படையான எதிர்ப்பு சக்தியையும் மெல்ல அமர்த்தும். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டில் யாராவது கொடுப்பீர்களா?

தங்கை உடனே கையைத் தூக்கினார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தங்கை குடித்த டம்ளரைக்கூடக் கழுவாமல் தொடாதவர் அவர். "செத்தாலும் சாவேனே ஒழிய, இவளோடத உள்ள விட மாட்டேன்."

"இங்க பாருக்கா," என்றார் டிரைவரம்மா. "உன் வயிறு இப்ப காலி பஸ். ஏறினவன் பூரா ரவுடி. சீட்டக் கிழிக்கிறான், கண்ணாடிய ஒடைக்கிறான். நான் கொஞ்சம் நல்ல பயணிங்கள ஏத்தி விடறேன். சீட்டு நெறஞ்சா ரவுடிக்கு நிக்க எடமிருக்காது. அடுத்த ஸ்டாப்புல எறங்கிருவான்."

அக்கா போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "அவங்களும் உன்ன மாதிரி வாயாடியா இருப்பாங்களா?"

"இருப்பாங்க. உனக்கும் கொஞ்சம் வேணும்ல."

முதல் முறை பலிக்கவில்லை. சில நாள் தெளிந்த அக்காவின் முகம் மறுபடியும் வாடியது. அன்று பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு, எல்லோரும் போன பிறகும் டிரைவரம்மா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேடி வந்த கணவரிடம், "என்னோடதுலதான் ஏதோ கொறை" என்றார். கணவர் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து, மனைவி எழுந்திருக்கும்வரை காத்திருந்தார்.

இரண்டாவது முறை பிடித்துக்கொண்டது. வயிற்றுப்போக்கு நின்றது, குடல் ஆறியது. ஒரு நாள் அக்கா, "பசிக்குதுடி" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு டிரைவரம்மா தாழ்வாரத்துக்குப் போய், சீருடைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பின் டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். கொடுப்பவருக்குச் செய்யும் இத்தனை பரிசோதனைகளிலும் தேறுகிறவர்கள் அபூர்வம்; மற்ற நோயாளிகளுக்கும் தொடர்ந்து கொடுக்க முடியுமா? அன்று தொடங்கியது இந்தப் பையும் பின்வாசலும். கணவர் உறவினர்களிடம், "ரத்த தானம் பண்றா" என்று சொல்லிவைத்திருக்கிறார். யாருக்குப் போகிறது என்று டிரைவரம்மாவுக்குத் தெரியாது. "சொல்லவும் மாட்டாங்க. சொன்னா ரெண்டு பேருக்கும் வெக்கம்."

போன மழைக்காலத்தில் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்தது. பல் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார். டிரைவரம்மா அதைப் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு வண்டி ஓட்டினார். வழக்கம்போல டப்பாவோடு வந்து நின்றவரை ஆய்வகப் பெண் ஏற இறங்கப் பார்த்தாள்.

"கன்னம் இப்படி வீங்கியிருக்கே, மாத்திரை போடலியாம்மா?"

"போட்டா என் நல்ல கிருமியும் போயிரும், என்னைத் தள்ளி வெச்சிருவீங்கல்ல?"

"தள்ளித்தான் வெப்போம். சில மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணிட்டுச் சேத்துப்போம்."

"அதுவரைக்கும் என்கிட்ட வாங்கிக்கிற நோயாளிங்க என்ன பண்ணுவாங்க?"

"குடுக்கிறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. இந்தச் சீழு ரத்தத்துல கலந்தா உங்களுக்கு வேற ஆள் கிடையாது. ஆன்டிபயாடிக் என்னம்மா, உங்களுக்கு எதிரியா? உங்க அக்கா நுரையீரலக் காப்பாத்தினது எது?"

டிரைவரம்மா அங்கேயே மாத்திரையைப் பிரித்து விழுங்கினார். கண் கலங்கியிருந்தது. "பல்லு வலி" என்றார்.

அந்த மாதங்களில் அவர் பிள்ளைத்தாய்ச்சி போலச் சாப்பிட்டார். காய், கீரை, பயறு, தயிர். நார்ச்சத்துதான் நல்ல கிருமிகளுக்குத் தீனி என்று டாக்டர் சொல்லியிருந்தார். "உள்ள புதுசா குடி வராங்க, கவனிக்கணும்ல?" என்று வீட்டில் கீரை ஆய்ந்தார். போன வாரப் பரிசோதனையில் எல்லாம் தேறியது. இன்றைக்குத்தான் திரும்ப முதல் டப்பா.

ஒப்படைத்துவிட்டு வெறும் பையோடு தாழ்வாரத்தில் வருகிறார். எதிரே சக்கர நாற்காலியில் கன்னம் ஒட்டிப்போன ஓர் இளைஞன், கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறான். அவன் அம்மா ஒரு கையால் நாற்காலியைத் தள்ளுகிறாள், மறு கையில் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அவன் போர்வையின் நுனி நழுவிச் சக்கரத்தை உரசிக்கொண்டு வருகிறது. அவர்கள் எந்த அறைக்குப் போகிறார்கள் என்று டிரைவரம்மா கேட்கவில்லை. குனிந்து நுனியை எடுத்து, தூசியைத் தட்டி, அவன் பாதங்களுக்கு அடியில் இரண்டு பக்கமும் செருகிவிட்டு, வழி விட்டுச் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறார்.