பெடலுக்குக் கொடுத்த கட்டை

லாரியின் காற்றுப் பிரேக்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் மேலே உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும், இன்னொருவன் சோப்புத் தண்ணீரோடு கீழே சக்கரம் சக்கரமாகப் போய்க் கசிவு பார்க்க வேண்டும். அறுபதுகளில் செம்பூரில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் தமிழர்கள் நானும் இன்னொருவனும்தான். அவன் அமுக்குவான், நான் பார்ப்பேன். “அமுக்கும்வே”, “விடும்வே” என்று நாங்கள் போடும் சத்தத்தைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். இருவரும் திருநெல்வேலிப் பக்கம், இருவருக்கும் தாராவியில் ஒரே சர்ச். பம்பாயில் எனக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை டிராம்பேயிலிருந்து டாங்கர் லாரி ஒன்று வந்திருந்தது. பிரேக்குக்குக் காற்று ஏற்றுகிற கம்ப்ரஸரைப் பிரித்து அவன் புது ரிங் போட்டான். பைப்புகளைத் திரும்ப மாட்டியது நான். இன்ஜினை ஓடவிட்டோம். ஐந்து நிமிடத்தில் தொண்ணூறைத் தொட வேண்டிய காற்று மீட்டர் முள் இருபதைக்கூடத் தாண்டவில்லை. காற்று ஏறாத டாங்கரை ரோட்டில் விட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஃபோர்மன் வந்தார். முன்கோபி. “கம்ப்ரஸர் கிஸ்னே கியா?” என்றார், அந்த வேலையைச் செய்தது யாரென்று. பொறுங்கள், பார்க்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு வேலை நிரந்தரமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பயம், வேறொன்றுமில்லை. அவனைக் கைகாட்டி, ரிங் சரியாக உட்காரவில்லை என்றேன். இனி வேலைக்கு வராதே என்று ஃபோர்மன் அந்த இடத்திலேயே அவனிடம் சொல்லிவிட்டார். அவன் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் சுத்தமாக இருந்த ஸ்பானர் ஒன்றை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலையில் லோடு ஏற்றப் போக வேண்டிய வண்டி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் ஆராதனை நடக்கிற நேரத்தில் நான் தனியாக ஷெட்டில் இருந்தேன். முள் தொண்ணூறுக்கு வர அரை மணி நேரம் ஆனது. இன்ஜினை நிறுத்தினேன். ஏறியது இறங்கவில்லை. பெடலை அமுக்கினால்தான் சக்கரங்களில் கசிவு தெரியும். அமுக்க ஆள் இல்லை. ஒரு மரக்கட்டையைத் தேடி எடுத்து, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே இறுக்கிக் கொடுத்தேன். ஆறு சக்கரத்துக்கும் சோப்புத் தண்ணீர் அடித்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. எழுந்து, பழக்கதோஷத்தில், “விடும்வே!” என்று கத்தினேன். தகரக் கூரையில் பட்டு என் குரலே திரும்பி வந்தது. நானே ஏறிப் போய்க் கட்டையை எடுத்தேன்.

கசிவு இல்லை என்றால் காற்று உள்ளேயே சரியாக வரவில்லை என்று அர்த்தம். பெல்ட் இறுக்கமாக இருந்தது. கம்ப்ரஸரைப் பிரிக்கும் முன், அது காற்று இழுக்கிற ரப்பர்க் குழாயைக் கழற்றினேன். உள்ளே விரலுக்குத் துணி தட்டுப்பட்டது. இழுத்தேன். பச்சைக் கட்டம் போட்ட துணி. ஊரிலிருந்து நான் கட்டிக்கொண்டு வந்து, பழசானதும் கிழித்து வைத்திருந்த என்னுடைய சாரம், பம்பாயில் லுங்கி என்பார்கள். குழாயைக் கழற்றிப் போட்டால் தூசி போகாமல் அதன் வாயில் துணி அடைக்கிறது என் வழக்கம். மாட்டும்போது எடுக்க மறந்திருக்கிறேன்.

குழாயை மாட்டி ஓடவிட்டேன். முள் விறுவிறுவென்று ஏறியது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. துணியைக் கொளுத்திப் போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. தீப்பெட்டியைக்கூடக் கையில் எடுத்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், மத்தியானம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை துணியைக் கொண்டுபோய் ஃபோர்மன் மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் என் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டு, போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா என்றார். டோம்பிவிலியில் அவன் தங்கியிருந்த அக்கா வீட்டுக்கு லோக்கல் வண்டியில் நின்றுகொண்டே போனேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவன் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. துணியை மட்டும் எடுத்துக் காட்டினேன்.

“பைப் மாட்டுனது நீருதானவே. அதச் சொல்லுவீரு, சொல்லுவீருன்னுதான் ஒம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னேன்” என்றான்.

“தப்புதான்வே. ஃபோர்மன் வரச் சொல்லுதாரு.”

“வேலைக்கி வாரேன். இனிமே ஒமக்குப் பெடல் அமுக்க மாட்டேன்.” உள்ளே கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தான். காலையில் என்னைப் பார்த்து, “தஸ் நம்பர் பானா தேனா” என்றான். பத்தாம் நம்பர் ஸ்பானரைத்தான் கேட்டான். அதற்கு முன் அவன் என்னிடம் இந்தியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் பிரேக் பார்க்க ஒரு லாரி வந்தது. நான் போய்க் கட்டையை எடுத்துக்கொண்டு ஏறினேன்.