எந்த மொடியூல் என்று மனைவியிடம் கேட்டேன்

துண்டு துண்டாகப் பூட்டும் மின்னணு இசைக்கருவியான என் மொடியூலர் சிந்தசைசரில் ஒரேயோர் இடம்தான் மிச்சம். தன் இஷ்டத்துக்கு வோல்டேஜை மாற்றிச் சுரங்களைக் கலைத்துப்போடும் மொடியூல் ஒன்றை அதில் பூட்ட வேண்டும். கொழும்பு நண்பர் இரண்டைத் தந்து, பிடிக்காததைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார். மாறி மாறிக் கேட்டுக் காது மரத்துவிட்டது.

மனைவி நர்ஸ். நைட் டியூட்டிக்கு மாறியதிலிருந்து பகலில் தூக்கமே வருவதில்லை. இன்று காலை ஹட்டனில் டியூட்டி முடிந்து வந்ததும் அவரிடமே கேட்டேன்.

"எதையாவது வச்சித் தொலைங்க."

முதலாவதைப் போட்டேன். வோல்டேஜும் கூடவே சுரமும் சட்டுச் சட்டென்று தாவின.

"ஐயோ, நிப்பாட்டுங்க! வார்டுல மெசின் கத்துற மாதிரியே இருக்கு."

இரண்டாவது மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கும்.

"இது எப்படி?"

திரும்பிப் பார்த்தால், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையிலேயே தூங்கிவிட்டார்.

மெல்ல நிறுத்தினேன். உடனே கண் திறந்தது.

"ஏங்க நிப்பாட்டுனீங்க?"

திரும்பப் போட்டேன். திரும்பத் தூங்கிவிட்டார்.

மத்தியானம் தாண்டிவிட்டது. நான் வேலைக்குப் போகவில்லை, மெசினும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் லிந்துலையில் மழை தொடங்கிவிட்டதாம். கரண்ட் போவதற்குள், கொட்டகலையில் யாராவது ஒரு யூபிஎஸ் இரவல் தருவீர்களா?