வண்டியின் நடுக்கமும் நரம்பின் மேல் போட்ட பழியும்

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. மேற்கு தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டை, பொழிச்சலூர், அனகாபுத்தூர் என்று வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பேன். அதைப் பின் சீட்டில் கட்டிய ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுவர வேண்டும். பதினாலு வருட சர்வீஸ். ஒரே குத்தில் எடுத்துவிடுவேன் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்துக்கு நாலைந்து மாதமாகவே சோதனை. வாரத்துக்கு இரண்டு மூன்று சாம்பிளையாவது லேபில் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். ரத்த அணுக்கள் உடைந்துபோனால், ட்யூபில் மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் சிவந்துவிடும். அதில் டெஸ்ட் செய்தால் ரிசல்ட் தப்பாக வரும். "அவசரமா இழுக்கறீங்களா சார்?" என்று லேப் மேடம் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேற்று சேர்ந்த ஆளிடம் கேட்கிற கேள்வியை என்னிடம் கேட்பதா? ஊசியை மாற்றினேன். ட்யூப் செய்தவனைத் திட்டினேன். கடைசியில் சுலபமாக ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி குத்தப் போகிற வீட்டிலெல்லாம், "உங்க நரம்பு சரியில்லைங்க" என்று சொல்லிவிடுவேன். ஒருவர்கூட எதிர்த்துக் கேட்டதில்லை.

அனகாபுத்தூரில் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர், புற்றுநோய் வந்து கீமோ எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கீமோவுக்கும் முதல் நாள் ரத்தம் எடுத்து ரிப்போர்ட் போயாக வேண்டும். ரிப்போர்ட் இல்லையென்றால் மருந்து ஏற்ற மாட்டார்கள். அவருக்கு ஏற்கெனவே இரண்டு தடவை மறுபடி குத்தியிருந்தேன். மருந்து ஏறி ஏறிக் கறுத்துப்போன கை அது.

அந்த ஆடியில் ஒரு கீமோவுக்கு முதல் நாள், காலையில் எடுத்தது சிவந்துவிட்டது. மதியம் பல்லாவரம் நெரிசலில் வெந்து, திரும்பப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அதுவும் சிவந்துவிட்டது. கீமோ ஒரு நாள் தள்ளிப்போனது. இந்த முறையும் ரிப்போர்ட் வராவிட்டால் அடுத்த வாரம்தான் பெட் கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு எல்லார் மேலும் எரிச்சல். லேப் மேல், ரோடு மேல், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்தப் பெண்ணின் கை மேலும்தான்.

எடுத்து முடித்து, வழக்கமான நரம்புப் பாட்டையும் பாடிவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அவர் கேட் வரைக்கும் வந்தார்.

"அண்ணா, கொஞ்சம் நில்லுங்க. எங்க கம்பெனியில ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா, எந்த டேபிள்ல கெட்டுச்சுன்னு ஒவ்வொண்ணா பின்னாடி போய்ப் பார்ப்போம். என் கையில இருந்து எடுக்கும்போது நல்லாத்தானே இருக்கு? லேபுக்கும் எனக்கும் நடுவுல வேற எந்த டேபிள் இருக்கு?"

"நான்தான் இருக்கேன்" என்றேன் வெடுக்கென்று. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஐஸ் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார்.

"இதுல மோர் கடைஞ்சிடலாம்ணா!"

நானும் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே ட்யூபெல்லாம் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன. தினமும் தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் என் விரல்கள் மரத்துப்போகும். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலேயே இருந்த பெட்டியை ஒரு நாளும் தொட்டுப் பார்க்கவில்லை.

இந்தக் குலுக்கலில்தான் அணுக்கள் உடைகின்றன என்று அப்போதுதான் உறைத்தது. குரோம்பேட்டை மெக்கானிக் ஆறு மாதத்துக்கு முன்பே சொன்னார், இன்ஜினைப் பிடித்திருக்கும் மவுண்டிங் ரப்பர் போய்விட்டது, வண்டியை ஒரு நாள் விட்டுவிட்டுப் போ என்று. ஒரு நாள் வண்டி இல்லையென்றால் என் வீடுகளுக்கு வேறு ஆளை அனுப்பிவிடுவார்களே என்று எனக்கு வீம்பு. வாஷர் போட்டு டைட் பண்ணினால் போதும் என்றேன். டைட் பண்ணினால் இன்னும் ஜாஸ்தியாகத்தான் நடுங்கும் என்றார். அதையும் கேட்காமல் டைட் பண்ணவைத்தேன்.

வண்டியை அந்தப் பெண்ணின் வீட்டு வாசலிலேயே விட்டேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம். லேபில் ட்யூபைத் தூக்கிப் பார்த்தபோது நீர் தெளிந்து மஞ்சளாக நின்றது. சாயங்காலமே ரிப்போர்ட் போனது. மறுநாள் அவருக்கு மருந்து ஏற்றிவிட்டார்கள்.

பிறகு வண்டியை எடுத்துப்போய்க் கொடுத்தபோது, மெக்கானிக் போல்ட்டைக் கழற்றியதும் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார் இது, ரப்பர் இருந்த எடத்துல தூள்தான் கீது. இரும்பும் இரும்பும் மோதிகினே ஓட்டியிருக்கியே!" முதலில் வாங்கி வந்த ரப்பர் அளவு சேரவில்லை. சரியானது வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பஸ்ஸில் தொங்கினேன்; யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, என்னைத் தவிர. புது ரப்பர் போட்டு ஓட்டியபோது கைப்பிடி கையில் இருப்பதே தெரியவில்லை. அதற்குப் பிறகு சாம்பிள் திரும்பி வருவதும் நின்றுபோனது.

அடுத்த கீமோவுக்கு ரத்தம் எடுக்கப் போனபோது அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். "உங்க நரம்புல ஒரு குறையும் இல்லம்மா. எல்லாம் என் வண்டி பண்ண வேலை. மன்னிச்சிடுங்க."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "நீங்க வர்றதுக்கு முன்னாடி, நரம்பு நல்லா எழும்பட்டும்னு, அரை மணி நேரம் சுடுதண்ணியில கைய வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பேண்ணா. என் உடம்புல இதுவும் கெட்டுப் போச்சேன்னு அழுவேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

சிகிச்சை முடிந்து இப்போது அவர் திரும்பவும் வேலைக்குப் போகிறார். நினைவிருந்த மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் என் நினைவில் இல்லாத வீடுகளில், தன் நரம்பு சரியில்லை என்று நம்பிக்கொண்டு, யாரோ ஒருவர் இன்னும் சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரோ என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதே இல்லை.