பலகையில் ஏறும் வரிசை

1998 பிப்ரவரி 9, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறேகாலுக்கு ஆலையின் கேட்டைத் திறந்தேன். பாய்லர் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டேன். ஊறல் தொட்டியில் கைவிட்டு நாலு நெல்லை நசுக்கிப் பார்த்தேன். இன்னும் ஒரு மணி நேரம் ஊற வேண்டியிருந்தது. ஏழரைக்கு இட்லி. எட்டுக்கு பெங்களூர் லாரி வந்து நின்றது. டைரியில் அன்றைய பதிவு இத்தோடு நிற்கிறது. மீதியை இப்போது எழுதுகிறேன்.

திருவிடைமருதூர் சாலையில் ஒரே ஒரு தொட்டியோடு நான் தொடங்கிய அரிசி ஆலை அது. முதல் நாளிலிருந்து ஒரே சுமைதூக்கும் செட்: எட்டுப் பேர், அவர்களுக்கு ஒரு மேஸ்திரி. நான்கு வருடத்தில் வெளியூர் வியாபாரிகள் எங்கள் அரிசியைப் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். இரண்டாவது உலர்த்தி வாங்கினேன். எட்டுப் பேர் போதவில்லை.

"ஊர்ல இருந்தவன்ல பாதி திருப்பூருக்குப் போயிட்டான், மீதி வெளிநாட்டுக்குப் போயிட்டான்" என்றார் மேஸ்திரி. "ஆளைப் பாத்துப் பழக்கித்தான் தரணுங்கய்யா. ரெண்டு மாசம் குடுங்க."

எனக்கு அறுவடை முடிவதற்குள் ஆள் வேண்டும். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் ஏழு வருடம் ஆள் மேய்த்துவிட்டுத் திரும்பியிருந்த ஒருவரை சூப்பர்வைசராகச் சேர்த்தேன். ஒரே வாரத்தில் ஆறு பேரைப் பிடித்து வந்தார்.

"பழைய ஆளுங்கள ஒண்ணா நிக்க விட்டா அவங்கதான் முதலாளி, நீங்க வாட்ச்மேன். நடுநடுவுல புதுசைச் சொருகுங்க சார்."

சரியென்று பட்டது. யார் பின்னால் யார் மூட்டையோடு ஏறுவது என்ற புதிய வரிசையை நானே தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, குடோன் கதவில் ஒட்டினேன். மேஸ்திரி தாளின் முன் வெகுநேரம் நின்றார்.

"வேற எத வேணா மாத்துங்க. பலகை ஏறுற வரிசைய மாத்தாதீங்கய்யா. அது கால் பழக்கம்."

தொழிற்சங்க நியாயம் பேசுகிறார் என்று நினைத்தேன்.

லாரிக்குச் சாய்த்துப் போடும் பலகை பதினாறு அடி நீளம். எழுபத்தைந்து கிலோ மூட்டையோடு ஒருவர் மிதித்தால் தொய்ந்து எழும்பும். அது அடங்கிய பிறகே பின்னால் வருகிறவர் கால் வைக்க வேண்டும். முன்னே போகிறவரின் நடை பழகியவருக்கு இது தானாக வரும். மற்றவருக்கு வராது. தினமும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாது.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பத்து நாள் முன்பு, வரிசையில் தன் பழைய இடத்திலேயே போய் நின்ற ஒருவரை சூப்பர்வைசர் கன்னத்தில் அறைந்தார். அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூக்கில் ரத்தம் வந்தது. நான் திரும்பி, ஈரப்பத அட்டவணையை நிரப்பினேன்.

செட்டில் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். எப்போதும் முன்னும் பின்னுமாக ஏறுகிறவர்கள். திங்கட்கிழமை பெங்களூர் லாரிக்கு ஏற்றும்போது அவர்களுக்கு நடுவில் ஒரு புதிய ஆள். எட்டு நாற்பதுக்குத் தம்பி பலகையின் பாதியில் இருந்தார். புதியவர் அவசரமாகக் கால் வைத்தார். பலகை எகிறியது. தம்பி தரையில் விழுந்தார், மூட்டை அவர் தொடை மேல் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. முறிந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

"நடிக்காதடா, எந்திரி" என்று சூப்பர்வைசர் தம்பியின் விலாவில் உதைத்தார். இரண்டு முறை.

அண்ணன் மூட்டையைக் கீழே போட்டார். கையில் மூட்டைக் கொக்கி இருந்தது. அதைச் சூப்பர்வைசரின் கன்னத்தில் இறக்கி இழுத்தார். வாய் காது வரை பிளந்தது. உள்ளே பற்கள் தெரிந்தன. மற்றவர்கள் புதியவரை லாரிச் சக்கரத்தோடு சேர்த்து மிதித்தார்கள். மேஸ்திரி குறுக்கே விழுந்து புதியவரை மூடிக்கொள்ள, உதை மேஸ்திரியின் முதுகில் விழுந்தது. நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சாப்பாட்டு நேரச் சங்கின் பொத்தானை அழுத்தினேன். அத்தனை கால்களும் பழக்கத்தில் நின்றன. சிந்திய அரிசி சிவப்பாகக் கிடந்தது.

மதியம் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சொன்னார்: "கொலை முயற்சிதான். நீங்க கண்ணால பாத்த சாட்சி. காரணமில்லாம வெட்டினான்னு எழுதிக் குடுங்க, ஏழெட்டு வருஷம் உள்ள இருப்பான்."

கம்பிக்குள் அண்ணன் ஜட்டியோடு உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கியிருந்தது, அங்கேயும் அடித்திருக்கிறார்கள்.

"தம்பிக்குக் கால் இருக்குதாங்கய்யா?"

"ஆபரேஷன் நடக்குது."

"எனக்கு என்ன ஆனாலும் சரி. அவன் ஒதச்சத மட்டும் மறைச்சிடாதீங்க."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தம்பியின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தார்கள். அடுத்த வார்டில் சூப்பர்வைசர். தையல் போட்ட வாயால் பேச முடியவில்லை. என் டைரியைச் சைகையால் கேட்டு வாங்கி, பின் பக்கத்தில் எழுதினார்: "உதைச்சத எழுதாதீங்க. கதவுல இருக்கிறது உங்க கையெழுத்து."

அவர் சொன்னது உண்மைதான். உதையை எழுதினால் தம்பி ஏன் விழுந்தார் என்பதையும், வரிசையை மாற்றியது நான் என்பதையும் எழுத வேண்டும்.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தேன். பாய்லர் பக்கம் போகவில்லை. முதலில் குடோன் கதவில் இருந்த தாளைத் தண்ணீர் தொட்டுக் கிழியாமல் உரித்தேன். உதை இரண்டையும் எழுதிய வாக்குமூலத்தின் மேல் அதை வைத்து, குண்டூசி குத்தி, ஸ்டேஷனுக்கு நடந்தேன்.