வேப்பமரத்தோடு நின்றவர்

டெல்லியில் எங்கள் குடியிருப்புப் பூங்காவில் நடக்கலாம், ஓடக் கூடாது என்பது நான்காம் விதி. ஒரு நாள் காலை ஒரு பெண் ஓடுவதைக் கண்டதும் விதியைச் சொல்ல எழுந்தேன். நான் எழுந்து முடிப்பதற்குள் அவரே நின்றுவிட்டார்.

முப்பது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு. இரண்டு வருடக் குதிகால் வலிக்குப் பின் மறுபடி ஓடப் பழகுகிறாராம். தினமும் வேப்பமரம் வரை ஓடுவார். மூச்சு வாங்காது, முகம் சுளிக்காது. இருந்தும் நின்று, நடக்கத் தொடங்குவார்.

"நல்லாத்தானே ஓடினீங்க? இன்னும் கொஞ்சம் போறதுதானே?" என்றேன் ஒருநாள்.

"போன தடவை அப்படிப் போய்த்தான் அங்கிள், திரும்பவும் நொண்ட ஆரம்பிச்சேன். நல்லா இருக்கும்போதே நின்னுடணும்."

"கஷ்டமா இல்லையா?"

"போன்ல பேசிக்கிட்டே நடக்கற ஆன்ட்டி என்னைத் தாண்டிப் போறாங்க. அதுதான் வலிக்குது."

பணிக்காலம் முழுக்கப் பிறருடைய கோப்புகளை நிறுத்தி வைத்தவன் நான். தன்னைத் தானே இப்படி நிறுத்திக்கொள்ளும் ஒருவரைப் பார்த்ததில்லை. காலையில் மட்டுமாவது ஓட அனுமதிக்கும்படி குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதினேன்.

குளிர்காலம் முழுக்க அவர் மரம் மரமாகத் தூரத்தைக் கூட்டினார். பங்குனி வெயில் தொடங்கிய ஒரு காலை, லோதி ரோட்டில் அவர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததைப் பேருந்திலிருந்து பார்த்தேன். சிக்னல் வரை எங்களுக்கு முன்னால்தான் போனார்.

பூங்காவில் ஓடலாம் என்று சங்கத்தின் பதில் வந்தது, ஹோலிக்கு மறுநாள்.